முயல்களுக்குத் தெரிந்த சீழ்க்கை

மருதங்காட்டில் கோடையில் வற்றாதது ஒரே ஒரு குளம். அதன் கரையில் ஆண்டுதோறும் விலங்குகள் பந்தாட்டம் ஆடும். விளாங்காய்தான் பந்து, மரப்பொந்துதான் கூடை. முதலில் பதினொன்று போடுகிற அணிக்கு, மழை வரும்வரை குளக்கரை சொந்தம்.

ஆறு ஆண்டாகச் செந்நாய்களே வென்றன. தண்ணீர் குடிக்கப் போன முயல்களில் பாதிதான் வளை திரும்பின.

இந்த ஆண்டு பன்றிகளையும் மான்களையும் எப்படியோ தாண்டி, முயல்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டன.

"வாங்க, வாங்க! ஆட்டமும் இங்கேதான், சாப்பாடும் இங்கேதான்!" என்றது செந்நாய்த் தலைவன் கருவாலன்.

"களத்துல கடிச்சா ஆட்டம் செல்லாது!" என்று நடுவர் கரடி உறுமியது.

ஆட்டம் தொடங்கியது. கருவாலன் சீழ்க்கை அடிக்கும். அந்தச் சத்தப்படி காய் வாய்க்கு வாய் மாறும். முயல்கள் காயின் பின்னாலேயே ஓடி அலுத்தன. எட்டுக்கு இரண்டு.

"அக்கா, என்னால முடியல. காய் கண்ணுலயே படல!" என்று இளைய முயல் கோரை மூச்சு வாங்கியது.

"கண்ணை விடு," என்றது தலைவி துத்தி. "புதருக்குள்ள இருக்கிறப்போ நீளமா ஒரு சீழ்க்கை கேட்டா எந்தப் பக்கம் ஓடுவ?"

"இடப்பக்கம். நாய் வலப்பக்கமா வருமே!"

"குட்டையா ரெண்டு கேட்டா?"

"வலப்பக்கம்... அக்கா! அதே சீழ்க்கைதான் இங்கேயும்!"

"ஆமா. இன்னிக்கு மட்டும் நாய் வர்ற பக்கமே ஓடு!"

நீளச் சீழ்க்கை எழுந்தது. காய் வலப்பக்கம் பறந்தது. அங்கே ஒரு முயல் முன்பே நின்றிருந்தது. அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும்.

பத்துக்குப் பத்து. கருவாலனுக்கு விஷயம் புரிந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

ஆனால் சீழ்க்கை இல்லாமல் அந்த நாய்கள் ஒருநாளும் ஆடியதில்லை. காயை வைத்திருந்த நாய் திருதிருவென்று விழித்தது. காயைக் காலடியில் போட்டுவிட்டு, "அண்ணே! எந்தப் பக்கம் போடறது?" என்று கத்தியது.

அதற்குள் கோரை பாய்ந்து, காயைப் பின்னங்காலால் எற்றியது. பொந்துக்குள் டொக்!

"பதினொண்ணு! கரை முயல்களுக்கு!" என்றது கரடி.

கருவாலன் பல்லைக் கடித்தது. "எங்க சீழ்க்கையை உங்களுக்கு எவன் சொல்லிக்கொடுத்தான்?"

"நீங்கதான்," என்றது துத்தி. "நீளச் சீழ்க்கையில எங்க அம்மா போனா. குட்டைச் சீழ்க்கையில தம்பி போனான். மறக்குமா?"

செந்நாய்கள் மேட்டில் ஏறிப் போயின. முயல்கள் கரையில் இறங்கி, வயிறு முட்டத் தண்ணீர் குடித்தன.

நம்மைக் கண்டு ஓடுகிறவருக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணக்கூடாது. பயந்தவரே நம்மை முழுதாகப் படித்தவர்.