சுடலைக்கண்ணு ஸ்டுடியோவில் நடந்த துப்புரவு

மேலக்கொம்பன்குளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். வழி சொன்னால் போய்விடுவீர்கள். போனவர்கள் இருந்த புத்தியோடு திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த ஊர் போட்டோ ஸ்டுடியோவில் மூன்று மேதைகள். முதலாளி சுடலைக்கண்ணு அண்ணாச்சி. கேமராவுக்கு ஆவுடையப்பன். கம்ப்யூட்டருக்குப் பேச்சிமுத்து. மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால்கூட நான் இப்போது வேறு கதை சொல்லிக்கொண்டிருப்பேன்.

தங்கபுஷ்பம் தன் மகள் மாரிக்கனி கல்யாணத்தை இவர்களிடம்தான் படமெடுக்கக் கொடுத்திருந்தாள். மூத்த மகன் குவைத்தில். லீவு கிடைக்காமல், தங்கச்சி கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க முடியவில்லையே என்று போனில் அழுதிருக்கிறான். வெள்ளிக்கிழமை குவைத் கிளம்புகிற ஒருத்தரிடம் ஆல்பத்தைக் கொடுத்தனுப்புகிறேன் என்று தாய் வாக்குக் கொடுத்துவிட்டாள். படமெல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. இந்த மூவரும் அதைச் சுத்தம் பண்ண நினைக்கும்வரை இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன ஜாதக சாஃப்ட்வேர் ஒன்று கிடந்தது. கம்ப்யூட்டரைத் திறந்த உடனே குறுக்கே வந்து பிறந்த நேரம் கேட்கும். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? பேச்சிமுத்து தினமும் பதில் சொல்லி, பலனையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான். அதற்குள் மத்தியானமாகிவிடும்.

"இதைத் தூக்கிப் போடணும்வே," என்றார் அண்ணாச்சி.

"வேண்டாத சாஃப்ட்வேரை நீக்குறதுக்குன்னே ஒரு சாஃப்ட்வேர் இருக்கு அண்ணாச்சி. சும்மாவே தாரான்," என்றான் பேச்சிமுத்து.

"நம்பலாமா?"

"அதுகிட்டயே கேட்டுருவோம். அதைப் பத்தி அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுது?"

கேட்டார்கள். 'நூறு சதவீதம் பாதுகாப்பானது' என்று அதன் இணையப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் பச்சை நிறத்தில் டிக் வேறு. விசாரணை அத்தோடு முடிந்தது.

உள்ளே வரும்போதே அது, 'எங்கள் நண்பர்களான இன்னும் மூன்று சாஃப்ட்வேர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா?' என்று கேட்டது. வருகிறவன் கூட்டாளிகளோடு வந்தால் வாசலிலேயே நிறுத்துவது நம்ம ஊர்ப் பழக்கம் இல்லை என்று ஆவுடையப்பன் சொல்ல, 'ஆம்' என்று அமுக்கினார்கள். ஆக, ஒன்றை வெளியே தள்ள நாலு பேர் உள்ளே வந்தாயிற்று.

அடுத்ததாக, 'முக்கியமானவற்றுக்கு நகல் எடுத்து வையுங்கள்' என்றது. நல்ல புத்திமதி. கல்யாணப் படங்கள் அத்தனைக்கும் நகல் எடுத்து, அதே கம்ப்யூட்டரில், ஒரிஜினலுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். தூரத்தில் வைத்தால் யார் தேடுவது?

'தேடி முடிக்கும்வரை எதையும் தொடாதீர்கள்' என்றது. மூவரும் கையைத் தூக்கிக்கொண்டு நடு அறையில் நின்றார்கள். டீக்கடைக்காரர் மூன்று கிளாஸோடு வந்தார். யாரும் தொடவில்லை. அவரே ஒவ்வொருத்தர் வாயிலும் ஊற்றிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போனார்.

கடைசியில் அது கண்டுபிடித்துச் சொன்னது: 'ஒரே படங்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன. வீண் இடம். எவற்றை நீக்கலாம்?'

மூவரும் பாய் விரித்து உட்கார்ந்து பேசினார்கள்.

"நகலை நீக்கிருவோம்," என்றான் ஆவுடையப்பன்.

"எது நகல்?" என்றான் பேச்சிமுத்து. "ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு."

"தப்பித்தவறி ஒரிஜினலை நீக்கிட்டா?" என்றார் அண்ணாச்சி. "அப்புறம் மிச்சம் இருக்கது நகல். தங்கபுஷ்பத்துக்கிட்ட நகலைக் கொடுத்து ஏமாத்துனா நாம மனுசங்களா?"

பேச்சிமுத்து எழுந்துபோய் இரண்டு படத்தையும் மறுபடி உற்றுப் பார்த்துவிட்டு வந்தான்.

"ரெண்டையும் நீக்கிட்டா ஏமாத்துன பேரே வராது அண்ணாச்சி," என்றான் பேச்சிமுத்து.

நேர்மைக்கு வந்த கேடு அது. இரண்டையும் நீக்கினார்கள். 'வாழ்த்துகள், உங்கள் கம்ப்யூட்டர் சுத்தமாகிவிட்டது' என்றது திரை. அதன்மேலேயே ஜாதக சாஃப்ட்வேர் வந்து நின்று பிறந்த நேரம் கேட்டது. அதை மட்டும் அந்த நூறு சதவீதம் தொடவே இல்லை.

தங்கபுஷ்பம் வந்தாள். அண்ணாச்சி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"கம்ப்யூட்டர் இப்பம் படுசுத்தமா இருக்கு தாயி."

"எம் மவ கல்யாணம் எங்க அண்ணாச்சி?"

"அதைத்தான் சொல்லுதேன். சுத்தமா இல்ல."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கேமராவில் இருந்ததை அடுத்த வீட்டுக் காதுகுத்துக்காக எப்போதோ துடைத்துவிட்டார்கள். வந்த சனம் செல்போனில் எடுத்ததில் அவரவர் முகம்தான் இருந்தது. "எம் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்," என்று அவள் அழுதபோது மூவரும் கூடவே அழுதார்கள். கெட்டவர்களாக இருந்தாலாவது நாலு சாத்து சாத்தலாம், இவர்களை என்ன செய்ய?

தங்கபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மறுநாள் காலையிலேயே மகளும் மருமகனும் அதே பட்டில், அதே மாதிரி மாலை போட்டு மறுபடி மணையில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மாள் முகத்தை இழுத்து வைத்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை வெட்கப்பட்டான். மேளக்காரர் வந்தார், சாம்பார்கூடக் கொதித்தது. ஆவுடையப்பன் ஏணியில் ஏறியும் தரையில் படுத்தும், முதல் கல்யாணத்தைவிட நூறு மடங்கு அக்கறையாக, வியர்க்க வியர்க்க பிளாஷ் அடித்தான். தங்கபுஷ்பத்துக்கு அப்போதுதான் மனசு ஆறியது.

வெள்ளிக்கிழமை குவைத் ஆள் வாசலில் வண்டியோடு நிற்க, அண்ணாச்சி ஆல்பத்தை இரண்டு கையாலும் நீட்டினார். சிவப்பு வெல்வெட் அட்டை, தங்க எழுத்தில் மணமக்கள் பெயர். தங்கபுஷ்பம் ஆசையாகத் திறந்தாள். முதல் பக்கம் வெள்ளை. அடுத்த பக்கமும் வெள்ளை. கடைசிவரை வெள்ளை.

"படம் எங்க?"

"இந்தத் தடவ கேமராவுல கார்டே போடல அத்தை," என்றான் ஆவுடையப்பன். "கார்டு போட்டா படம் அதுல ஏறும். ஏறுனா கம்ப்யூட்டருக்குப் போவும். அங்க போனா அழிஞ்சிருமே."

"நல்லாப் புரட்டிப் பாரு தாயி," என்றார் அண்ணாச்சி, நிம்மதியாக. "இதுலருந்து ஒத்தப் படத்தை எந்தச் சாஃப்ட்வேராலயும் அழிச்சிற முடியாது. குவைத்து வெயிலுக்குச் சாயம் போயிருமோன்னுகூட நீ பயப்பட வேண்டாம்."