கொழும்புக் கிண்ணமும் ஆட்டுக்கால் சூப்பும்

சித்தி பக்கத்துல வந்து படு, பட்டு. போர்வைய இழுத்துக்கோ. சொல்றேன், நீ ம் கொட்டணும்.

ஒரு ஊர்ல ஒரு தாத்தா. ஊரு தூத்துக்குடி, தாத்தா பேரு ஞானதிரவியம். அவரு சம்சாரம் லூர்தம்மாவுக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆகி, ஆஸ்பத்திரியில இருந்து அன்னைக்குக் காலையிலதான் வர்றாங்க. கூட்டிட்டு வரக் கெளம்புன மக ஜெனோவா, "அப்பா, ஃப்ரிட்ஜ்ல ஆட்டுக்கால் சூப் இருக்கு. நாங்க வர்றதுக்குள்ள மைக்ரோவேவ்ல சூடு பண்ணுங்க. அடுப்புப் பக்கம் போகாதீங்க"ன்னா. தாத்தா அடுப்பப் பத்த வச்சா அணைக்க மறந்துடுவாரு, அதான்.

அந்தப் பெட்டி புதுசு. எந்தப் பட்டன அமுக்கணும்னு மக காட்டிருந்தா. எதுல வைக்கணும்னு சொல்ல மறந்துட்டா.

ம்?

தாத்தா ஒரு எவர்சில்வர் டம்ளர்ல சூப்ப ஊத்தி உள்ள வச்சாரு. ர்ர்ர்ருன்னு சுத்துச்சு. அப்புறம் பட்! படார்! உள்ள மின்னல் வெட்டுது! "அய்யோ ஏசுவே"ன்னு அமுக்கி நிறுத்திட்டாரு.

சரி, இரும்பு ஆகாது போலன்னு, காலி ஐஸ்கிரீம் டப்பா ஒண்ணத் தேடி எடுத்து அதுல ஊத்தி வச்சாரு. ர்ர்ர்ரு. கொஞ்ச நேரத்துல டப்பா வாடுன வாழையிலையாட்டம் தொய்ஞ்சு, சளக்! சூப்பெல்லாம் தட்டுல. பிளாஸ்டிக் நாத்தம் மூக்கத் தொளைக்குது. அந்த சூப்பக் கொட்டிட்டு, பெட்டியத் தொடச்சாரு.

மிச்சம் கொஞ்சந்தான் இருக்கு. அப்போதான் அவருக்கு லூர்தம்மாவோட பீங்கான் கிண்ணம் நெனப்பு வந்துச்சு. அவங்க கல்யாணத்துக்குன்னு அவங்க அப்பா கொழும்புல இருந்து கப்பல்ல கொண்டுவந்தது. விளிம்பு பூரா தங்கக் கோடு. கிறிஸ்துமஸுக்குத்தான் வெளிய வரும். "இன்னைக்கு அவ வீட்டுக்கு வர்றாளே, இதுலயே குடுப்போம்"னு பாதி சூப்ப ஊத்தி, தெறிக்காம இருக்க ஒரு பேப்பர மேல மூடி உள்ள வச்சாரு.

தங்கமும் உலோகந்தான, பட்டு? தாத்தாவுக்கு அது தோணல.

சட சட சட! கோடு பூரா பொறி. பேப்பர் குப்புன்னு பத்திக்கிச்சு! தாத்தா கை கதவுக்குப் போயிடுச்சு.

பக்கத்து வீட்டு மைமூன் அக்கா நாத்தம் தாங்காம வாசல்ல வந்து நின்னவ, கத்துனா: "மாமா, கதவத் தொறக்காதீங்க! காத்துப் பட்டா இன்னும் எரியும்! சுவத்துல சுவிட்ச அணைங்க!"

டக்! அணைச்சுட்டாரு. ரெண்டு பேரும் மூச்சுப் பிடிச்சுக்கிட்டு கண்ணாடி வழியா பாத்தாங்க. தீ சின்னதாச்சு. இன்னும் சின்னதாச்சு. அணைஞ்சிடுச்சு. நல்லா ஆறுனப்புறம் தொறந்தா, கிண்ணம் ரெண்டா வெடிச்சுக் கெடக்கு.

மிச்ச சூப்ப மைமூன் அக்கா தன் வீட்டு அடுப்புல சுட வச்சுக் குடுத்தா. "பெட்டிய மெக்கானிக் பாக்காம போடாதீங்க மாமா. அப்புறமும், அதுக்குன்னே விக்கிற கண்ணாடிக் கிண்ணத்துல மட்டும் வைங்க"ன்னு சொல்லிட்டுப் போனா.

ம்? முழிச்சிருக்கியா?

அப்போ ஆட்டோ வந்துச்சு. லூர்தம்மா ஒரு கண்ணுல கட்டோட, மக கையப் பிடிச்சுக்கிட்டு வாசப்படி ஏறி வந்தாங்க. "என்னங்க, கருகல் வாசன வருது?"

தாத்தாவுக்குப் பொய் சொல்ல வரல. "லூர்து, உங்கப்பா குடுத்த கிண்ணத்த ஒடச்சிட்டேன்."

அவங்க மக கைய விட்டுட்டு தாத்தா பக்கத்துல வந்தாங்க.

"கையக் குடுங்க"ன்னாங்க. வாங்கி, ஒவ்வொரு வெரலா தடவித் தடவிப் பாத்தாங்க. "சுட்டுச்சா?"

"இல்ல."

"மூஞ்சி?"

"அதுவும் அப்படியேதான் இருக்கு."

லூர்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "எங்கப்பா எனக்குன்னு பாத்துக் குடுத்தது ரெண்டு. ஒண்ணு கிண்ணம், ஒண்ணு நீங்க. நீங்க முழுசா இருக்கீங்கல்ல, போதும். எங்க அந்த சூப்பு?"

தாத்தா பக்கத்துல உக்காந்து, ஊதி ஊதி, ஸ்பூன் ஸ்பூனா ஊட்டி விட்டாரு.

அவ்வளவுதான் பட்டு. அவங்க சூப்பும் தீந்துச்சு, நம்ம கதையும் தீந்துச்சு. கண்ண மூடு.