பாயசத்துக்கு வந்த விலங்கு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் நான் சொல்லப் போவதில்லை. அதை ஆண்ட கீர்த்திவளவனுக்கு வீரம் உண்டு, கொடை உண்டு, எல்லாவற்றையும்விட அதிகமாகச் சந்தேகம் உண்டு. சாப்பாடு வந்தால் முதலில் ஒருவனைத் தின்னச் சொல்லிப் பார்ப்பான். தின்றவன் நன்றாக இருந்தால், மாற்று மருந்து குடித்துவிட்டு வந்தானோ என்று அவனையும் சந்தேகிப்பான். அதற்குள் சோறு ஆறிவிடும். பாவம், அந்த மனிதன் சூடாகச் சாப்பிட்டுப் பல வருஷமாயிற்று.

ஒருநாள் சபையில் மன்னன் சொன்னான்: "அரண்மனைச் சமையற்காரர் எவரையும் நம்புவதற்கில்லை. நாளை நான் வேலாண்டியின் இல்லத்தில் உண்பேன்."

வேலாண்டி அந்தச் சபையின் விகடகவி. "என் பாக்கியம், அரசே. என் மனைவி தையல்நாயகியின் கைமணம்..."

"உன் மனைவியை நான் அறியேன். நீயே சமைக்க வேண்டும். அவள் அடுப்பங்கரையில் கால் வைக்கவும் கூடாது, யோசனை சொல்லவும் கூடாது."

வேலாண்டியோ வெந்நீர் வைப்பதற்கே பெண்டாட்டியைக் கூப்பிடுகிறவன். பிரதானி திருமேனிநாதர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். இந்த யோசனையை மன்னன் காதில் போட்டவரே அவர்தான். மன்னன் விகடகவியோடு சிரிப்பது அவருக்கு ஆகாது.

மறுநாள் மன்னனும் பிரதானியும் காவலர்களும் வேலாண்டி வீட்டுக் கூடத்தில் வந்து அமர்ந்தார்கள். உள்ளே வேலாண்டி காயும் எண்ணெயில் கடுகைக் கை நிறைய அள்ளிப் போட்டான். அது படபடவென்று வெடித்ததும் காவலர்கள் வாளை உருவினார்கள். அடுத்து மிளகாயைப் போட்டுக் கருக்கினான். கூடமே இருமியது. "விஷப்புகை" என்றார் பிரதானி, கண்ணைத் துடைத்தபடி. சோறு குழைந்து கூழாயிற்று, அப்பளம் கரியாயிற்று. அடுப்பங்கரை வாசற்படிக்கு வெளியே நின்ற தையல்நாயகி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

பாயசமாவது மானத்தைக் காக்கும் என்று வேலாண்டி நம்பினான். கொதிக்கிற பாலில் வெல்லத்தைத் தட்டிப் போட்டான். கண் முன்னே பால் திரிந்து, கட்டி கட்டியாகவும் தண்ணீராகவும் பிரிந்தது. தையல்நாயகி தலையில் அடித்துக்கொண்டாள்.

பிரதானி உள்ளே எட்டிப் பார்த்தார். "பார்த்தீர்களா அரசே. நஞ்சு கலந்தால்தான் பால் இப்படித் திரியும்."

மன்னன் முகம் இருண்டது. "பால் திரிந்த கைக்கு விலங்கு பூட்டுங்கள். அந்தக் கைக்கு உரியவன் தலை நாளை இருக்காது."

"நான் எதையும் கலக்கவில்லை, அரசே. நானே குடித்துக் காட்டுகிறேன்" என்றான் வேலாண்டி.

"மாற்று மருந்து குடித்திருப்பாய்."

விலங்கு பூட்டினார்கள். தையல்நாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேலாண்டிக்கும் அழுகைதான் வந்தது. ஆனால் அவள் தலையில் அடித்துக்கொண்டது அவன் மனதை விட்டுப் போகவில்லை. விஷத்தைப் பார்த்தவள் அலறியிருப்பாள். இவள் அசட்டுக் கணவனைப் பார்த்தவள் போலல்லவா அடித்துக்கொண்டாள்? அப்படியானால் தப்பு சமையலில்தான். சமையல் தெரியாத எவனும் அதே தப்பைத்தான் செய்வான்.

"அரசே, சாகப் போகிறவனுக்கு ஓர் ஆசை. நஞ்சில்லாத பாயசம் எப்படி இருக்கும் என்று பிரதானியார் செய்து காட்டட்டும். அரண்மனைப் பால், அரண்மனை வெல்லம், அரண்மனைப் பாத்திரம்."

மன்னன் அவற்றை வரவழைத்தான். பிரதானி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாலைக் கொதிக்க வைத்து, வெல்லத்தைப் போட்டார். திரிந்தது.

"நான் எதையும் கலக்கவில்லை, மகாராஜா" என்று அவர் குழறும்போதே இரண்டாவது விலங்கு பூட்டியாயிற்று.

மன்னன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இருவரும் கூட்டா? எதிரிகள்போல நடித்தீர்களா?"

"இந்த நாட்டில் யார் கையைத்தான் தாங்கள் நம்புகிறீர்கள், அரசே?" என்று கேட்டான் வேலாண்டி.

"என் கையை மட்டும்."

"அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது."

மன்னன் மோதிரங்களைக் கழற்றி வைத்தான். பாலைத் தானே முகர்ந்தான், வெல்லத்தைத் தானே கடித்துப் பார்த்தான், ஒருவரையும் பக்கத்தில் விடவில்லை. பால் பொங்கி வந்ததும் வெல்லத்தைப் போட்டான். திரிந்தது.

வேலாண்டி காவலனைப் பார்த்து மெதுவாகக் கேட்டான். "ஏனப்பா, மூன்றாவது விலங்கு இருக்கிறதா? மன்னருக்கு யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள். பால் திரிந்த கை அதோ."

காவலன் இரண்டடி பின்வாங்கினான்.

"நான் எதையும் கலக்கவில்லையே" என்றான் மன்னன்.

"நானும் அதைத்தான் சொன்னேன், அரசே. கேட்பதற்குத்தான் ஆளில்லை" என்றான் வேலாண்டி.

மன்னன் தன் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்து அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். விலங்குகளைக் கழற்றச் சொல்லிவிட்டு, வாசற்படியைப் பார்த்து, "அம்மா, இப்போது நீ பேசலாம்" என்றான்.

"காலையிலேயே பேச விட்டிருந்தா இவ்வளவு பாலும் வீணாயிருக்காதுங்க மகாராஜா. கொதிக்கிற பால்ல வெல்லத்தப் போட்டா யாரு போட்டாலும் திரியத்தான் செய்யும். வெல்லத்தத் தனியா காய்ச்சி, பாலோட சூடு அடங்கின பிறகு சேக்கணும். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நான் பண்றேன்."

மன்னன் தள்ளி உட்கார்ந்தான். தன் முத்துமாலையைக் கழற்றி வேலாண்டியின் கழுத்தில் போட்டான். தையல்நாயகிக்கு நல்ல கறவைப் பசு ஒன்றைக் கொடுக்க உத்தரவிட்டான். பாயசம் வந்ததும் ஆளைக் கூப்பிடாமல் தானே கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனான்.

"அரசே, முதலில் வேறு யாராவது ருசி பார்த்தால்..." என்று இழுத்தார் பிரதானி.

மன்னன் சூடாக இரண்டு கிண்ணம் குடித்து முடித்தான். பிறகு, திரிந்த பால் அப்பிக் கிடந்த மூன்று பாத்திரங்களையும் பிரதானியிடம் தள்ளி, கிணற்றடி எந்தப் பக்கம் என்று தையல்நாயகியிடம் விசாரித்தான்.