வகிடு

“மருந்து வராது மேடம். என் காலத்துல வராது” என்றார் டாக்டர் தேவசகாயம்.

மறதி நோய்க்கு மருந்து தேடியே அவருக்கு முப்பது வருடம் ஓடிவிட்டது. மூன்றாவது மருந்தும் தோற்றுப்போனதென்று அன்று காலையில்தான் தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அழவும் கூச்சமாக இருந்தது.

“ராஜினாமா எழுதிரலாம்னு பாக்கேன். இத்தனை வருஷம் நான் என்னத்தச் செஞ்சேன்? நீங்களே சொல்லுங்க.”

அவருக்கு வைத்தியம் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் உமையாள். குரு என்றதும் தாடியும் தண்டமும் தேட வேண்டாம். அம்மாளிடம் இருப்பது முழங்கால் வலி மட்டும்தான். ஓய்வு பெற்ற பிறகும் செவ்வாய்க்கிழமைதோறும் வார்டுக்கு வந்துவிடுவார்.

உமையாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “வா, ரவுண்ட்ஸ் போவோம்” என்றார்.

ஏழாம் நம்பர் கட்டிலில் நல்லபெருமாள் இருந்தார். போஸ்ட்மாஸ்டராக இருந்தவர்.

“டாக்டரய்யா, கோமு வந்துட்டாளா?”

தேதியோ கிழமையோ நோயாளி தப்பாகச் சொன்னால் உடனே திருத்துவது தேவசகாயத்தின் வழக்கம். முப்பது வருடப் பழக்கம் லேசில் விடுமா?

“ஒங்க சம்சாரம் இறந்து ஆறு வருஷம் ஆச்சு, பெரியவரே.”

பெரியவர் இடிந்துபோனார்.

“எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே” என்று தேம்பினார். அவருக்கு மனைவி அப்போதுதான் செத்தாள்.

 உண்மை உண்மைதானே என்று தேவசகாயம் நின்றார்.

ஐந்து நிமிடத்தில் அழுகை நின்றது. எதற்கு அழுதோம் என்பதும் பெரியவருக்கு மறந்துவிட்டது.

“கோமு வந்துட்டாளா?”

தேவசகாயம் வாயைத் திறப்பதற்குள் உமையாள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“இந்தப் பரட்டைத் தலையைப் பாத்தா கோமு என்ன சொல்லுவாங்க, அண்ணாச்சி?”

பெரியவர் சிரித்தார். “ஏசுவா. நல்லா ஏசுவா.”

உமையாள் பக்கத்து அலமாரியிலிருந்து சீப்பை எடுத்து தேவசகாயத்திடம் நீட்டினார்.

“என்னையும் பொய் சொல்லச் சொல்றீங்களா மேடம்?”

“தலை வாரச் சொல்றேன்.”

வாங்கிக்கொண்டார். பெரியவர் தலையைக் குனிந்து கொடுத்தார்.

நான்கு வருடமாக அந்தத் தலையை ஸ்கேனில் மட்டும் பார்த்து வந்தவர் தேவசகாயம். சீப்பைத் தலையில் வைத்துவிட்டுத் தடுமாறினார்.

“வகிடு எந்தப் பக்கம், பெரியவரே?”

“எடது பக்கம்” என்றார் நல்லபெருமாள், யோசிக்காமல்.