இரண்டரை நடை ஓடம்

ஆற்றின் ஒரு கரையில் அரண்மனையும் மறு கரையில் மாந்தோப்புமாக இருந்த ஒரு நாட்டை, ஒரு காலத்தில் விசயதரன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் மனத்தில் என்ன தோன்றுகிறதோ அது மதியத்துக்குள் சட்டமாகிவிடும்.

ஒருநாள் காலை உணவின்போது அவன் சமையற்காரரிடம், "நாற்பத்தெட்டு அதிரசத்தை ஒன்பது பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை?" என்று கேட்டான். சமையற்காரர் கரண்டியைப் பிடித்தபடி விழித்தார். பரிமாறியவர் விழித்தார். வாயிற்காவலன் வாசல் பக்கமாக நகர்ந்துவிட்டான்.

"என் நாட்டில் மீசை நரைத்தவனுக்கும் கணக்கு வராதா?" என்று மன்னன் கொதித்தான். இருபது வயது கடந்த அனைவரும் பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்க வேண்டும், தவறினால் செய்யும் தொழிலை விட வேண்டும் என்று பறையறைவித்தான். சோதிக்கும் பொறுப்பு அரண்மனைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் திருவம்பலப் பண்டிதருக்கு வந்தது.

பண்டிதருக்கு அரசவை விகடகவி சாத்தப்பன் மேல் நெடுநாள் புகைச்சல். தான் பேசினால் கொட்டாவி விடும் மன்னன், சாத்தப்பன் வாயைத் திறந்தாலே சிரிக்கிறானே என்ற வயிற்றெரிச்சல்தான்.

சோதனையில் முதலில் மாட்டியவன் ஓடக்காரன் முத்திருளன். ஏழாம் வாய்ப்பாட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது. "நாளையிலிருந்து துடுப்பைத் தொடாதே" என்றார் பண்டிதர். முத்திருளன் நேரே சாத்தப்பனிடம் போய் நின்றான்.

"அண்ணே, இருபது வருசமா ஓட்டுறேன். ஒருத்தர் காலு நனைஞ்சதில்ல. ஓடத்தை விட்டா எனக்கு வேறென்ன தெரியும்?"

சாத்தப்பன் அவனை அரசவைக்கு அழைத்துப் போனான். "மன்னா, இவனுக்கு வாய்ப்பாடு வராது. ஆனால் கணக்கு வரும். சோதித்துப் பாருங்கள்."

பண்டிதருக்குச் சரியான வாய்ப்புக் கிடைத்தது. "நாளை அக்கரையில் புதிய பள்ளி மண்டபத்தைத் தாங்கள் திறந்துவைக்கிறீர்கள். தங்களையும் சேர்த்து முப்பது பேர் போகிறோம். ஓடத்தில் பன்னிரண்டு பேர் அமரலாம். எத்தனை நடை என்று சொல்லட்டும்."

"மூணு நடைங்க, மகாராசா" என்றான் முத்திருளன்.

பண்டிதர் கைகொட்டிச் சிரித்தார். "முப்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டரை! என் பள்ளியில் கடைசி வரிசை மாணவனும் சொல்வான்."

உடன் வந்திருந்த ஆசிரியர்கள் நால்வரும் "இரண்டரை, இரண்டரை" என்று தலையாட்டினார்கள். மன்னனும் ஆட்டினான். "அப்படியே ஆகட்டும். இரண்டரை நடைக்கு மேல் ஓடம் ஒரு முழம் நகர்ந்தாலும் பறிமுதல்!" என்றான்.

முத்திருளனின் முகம் வெளுத்தது. சாத்தப்பன் மட்டும் பணிவாகக் குனிந்தான். "பண்டிதரின் வகுத்தலில் பிழையே இல்லை, மன்னா. ஆணையை எழுத்து மாறாமல் நிறைவேற்றும் பொறுப்பை எனக்குக் கொடுங்கள்."

மறுநாள் முதல் நடையில் மன்னனும் மந்திரிகளும் பன்னிரண்டு பேராகப் போனார்கள். இரண்டாம் நடையில் இன்னும் பன்னிரண்டு பேர். கடைசியாகப் பட்டுச் சால்வையோடு பண்டிதர் ஏறினார். நான்கு ஆசிரியர்களும் சாத்தப்பனும் பின்னால் ஏறினார்கள்.

ஓடம் நட்டாற்றுக்கு வந்ததும் சாத்தப்பன் கையை உயர்த்தினான். முத்திருளன் நங்கூரக் கல்லைத் தொப்பென்று இறக்கிவிட்டுத் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஏன் நிறுத்தினாய்?" என்றார் பண்டிதர்.

"ரெண்டு நடை முடிஞ்சுது, சாமி. இதோ, அரையும் ஆச்சு."

"நல்ல நேரம் போகிறதடா! கரைக்கு விடு!"

"அதற்கு இன்னொரு அரை வேண்டுமே, பண்டிதரே" என்றான் சாத்தப்பன். "தங்கள் கணக்கில் அது இல்லையே! முத்திருளன் பாவம், ஓடம் பறிபோய்விடும். நீந்துவதானால் தடையில்லை."

பண்டிதர் தண்ணீரை எட்டிப் பார்த்தார். சுழல் ஒன்று சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடம் லேசாக ஆட, சாத்தப்பனின் தோளையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "சரியப்பா, மூன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்!"

"என்னிடம் சொல்லி என்ன பயன்? மன்னர் காதில் விழ வேண்டும்."

"மூன்று!" என்று கத்தினார் பண்டிதர். காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோனது. நான்கு ஆசிரியர்களும் எழுந்து நின்று சேர்ந்து கத்தினார்கள்: "மூன்று நடை, மன்னா! மூ...ன்...று!"

கரையில் பொறுமையிழந்து நின்ற விசயதரனுக்கு அப்போதுதான் விளங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து சிரித்தான். "வரலாம், வரலாம்!" என்று கையை வீசினான்.

கரையேறிய ஆசிரியர்களிடம், "நால்வருக்குமா தோன்றவில்லை?" என்று கேட்டான்.

அவர்களில் இளையவர் தயங்கினார். "வகுத்தால் என்ன வரும் என்று கற்றுக்கொடுக்கிறோம், மன்னா. வந்த விடையை வைத்து என்ன செய்வது என்று எங்களுக்கும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை." பண்டிதர் ஆற்றில் நனைந்த சால்வையின் நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

மன்னன் முத்திருளனிடம் திரும்பினான். "உனக்கு வாய்ப்பாடு மட்டும் ஏன் வரவில்லை? பள்ளிக்குப் போகவில்லையா?"

"ஏழாம் வாய்ப்பாட்டுல எட்டு நாள் பிரம்படிங்க. ஒம்பதாம் நாள் போகல. இப்பவும் ஏழுன்னு யாராவது சொன்னா உள்ளங்கை எரியுது."

மன்னனின் சிரிப்பு அடங்கியது. தன் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சாத்தப்பனின் காதருகே குனிந்து, "ஏழெட்டு எவ்வளவு? எனக்கும் அந்த இடத்தில்தான் இடறும். அரசனை அடிக்க ஆளில்லாததால் அப்படியே விட்டுவிட்டார்கள்" என்றான்.

"ஐம்பத்தாறு, மன்னா."

"உரக்கச் சொல்லாதே!" என்றவன், தானே உரக்கச் சிரித்துவிட்டான். தொழில் பறிக்கும் ஆணை அந்த மணலிலேயே ரத்தானது. புதிய மண்டபத்தில் முதல் வகுப்பு பெரியவர்களுக்கு என்றும், அங்கே பிரம்பு நுழையக் கூடாது என்றும் உத்தரவானது. மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டான். பிறகு முத்திருளனின் தோளில் கைபோட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்து, பின்வரிசையில் அவனருகே போய் உட்கார்ந்தான்.