கொம்பு அரித்த மானும் அத்திமரத்துப் பறவைகளும்

மலையடிவாரக் காட்டில் துடியன் என்றொரு இளம் புள்ளிமான் இருந்தது. அதற்கு அப்போதுதான் முதன்முதலாகக் கொம்பு வளர்ந்திருந்தது. ஒருநாள் காலையில் கொம்பு அரித்தது. அதை மூடியிருந்த மெத்தென்ற தோல் கிழிந்து, ரத்தக் கசிவோடு கண்ணுக்கு முன்னால் தொங்கியது.

"இது என்னவாக இருக்கும்?" என்று துடியனுக்கு ஒரே யோசனை. அதன் கூட்டத்திலேயே கொம்புள்ள மான்கள் இருந்தன. அவற்றைக் கேட்க வெட்கம்! நேரே அத்திமரத்துக்குப் போய்விட்டது.

அந்த மரம் அப்போது நிறையப் பழுத்திருந்தது. எட்டுத் திசையிலிருந்தும் பறவைகள் வந்து பழம் தின்றன. தின்றுகொண்டே ஊர்க்கதை பேசின. துடியன் அவற்றிடம் கொம்பைக் காட்டிக் கேட்டது.

"ஐயோ, இதுவா!" என்றது ஒரு மைனா. "கெழக்குக் காட்டுல ஒரு காட்டெருமைக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. பாவம், போய்ச் சேர்ந்துடுச்சு!"

"தேய்க்காதே! தேய்ச்சா விஷம் மூளைக்கு ஏறிடும்!" என்றது ஒரு கிளி.

"வேப்பம்பட்டையைத் தின்னு, பட்டுன்னு கேக்கும்!" என்றது இன்னொரு கிளி.

துடியன் தின்றது. வயிறு கலங்கியது. "கொம்பும் அரிச்சு வயிறும் கலங்கினா அது என்ன நோய்?" என்று மறுபடி வந்து கேட்டது. அதற்கும் மரம் முழுக்கப் பதில் இருந்தது!

பறவைகள் பொல்லாதவை என்று சொல்ல மாட்டேன். பேசுவதைக் கேட்க அவற்றுக்கு ஓர் ஆள் வேண்டும். நல்ல சேதி சொன்னால் மான் நகர்ந்துவிடுகிறது, பயங்கரமாகச் சொன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. இதைக் கண்டுகொண்டதும் சாவுக் கதைகளாகவே கொண்டுவந்து கொட்டின. துடியனுக்கு மேய்ச்சல் மறந்தது. தூக்கமும் போயிற்று. விலா எலும்பு வெளியே தெரிந்தது.

அதற்கு ஒரு மந்தி சிநேகிதி. மந்தி மரத்திலிருந்து தழை உதிர்க்கும். துடியன் கீழே நின்று தின்னும். ஆபத்து வந்தால் மந்திதான் மேலிருந்து குரல் கொடுக்கும்.

"துடியா, உதிர்த்த தழை காய்ஞ்சு கெடக்கு. வந்து தின்னேன்!" என்றது மந்தி.

"இரு, இரு! வடக்கேயிருந்து ஒரு இருவாச்சிப் பறவை வந்திருக்கு. அது சொல்றதை மட்டும் கேட்டுட்டு வந்துடறேன்!"

இந்த 'மட்டும்' இருக்கிறதே, அதற்கு முடிவே கிடையாது.

அன்று மாலை புதர் ஓரமாக ஒரு சிறுத்தை பதுங்கிப் பதுங்கி வந்தது. மந்தி பார்த்துவிட்டது.

"ஓடு! ஓடு!" என்று கத்தியது.

துடியன் காதிலும் அது விழுந்தது. ஆனால் நூறு குரலில் அதுவும் ஒரு குரல்! துடியன் நிமிர்ந்து பறவைகளைக் கேட்டது: "ஓடினா கொம்பு நோய் தீருமா? வெறும் வயித்துலயா, தின்ன பிறகா?"

"வெறும் வயித்துல!" என்றது மைனா.

"கூடவே கூடாது!" என்றது கிளி.

சண்டை முடிவதற்குள் சிறுத்தை பாய்ந்தது. பறவைகள் மொத்தமாகப் பறந்துவிட்டன. அவற்றுக்கென்ன, சிறகு இருக்கிறது!

துடியன் தாவியது. சிறுத்தையின் நகம் தொடையைக் கிழித்தது. காலில் தெம்பே இல்லை. எப்படியோ ஒரு முட்புதருக்குள் விழுந்து, முட்டி மோதி மறுபக்கம் வந்தது. சிறுத்தை முள்ளுக்குப் பயந்து நின்றுவிட்டது.

அங்கிருந்த ஓடைத் தண்ணீரில் துடியன் முகம் பார்த்தது. தொங்கிய தோல் முள்ளோடு போயிருந்தது. பளபளவென்று இரண்டு கொம்புகள்!

"நோய் போயிடுச்சு!" என்று கூவியது.

"என்ன நோய்?" மந்தி மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. "கொம்பு முத்தினா தோல் உரியும். மரத்துல நாலு தேய்ப்பு தேய்ச்சா வந்துடும். எல்லா ஆண்மானுக்கும் உள்ளதுதானே!"

"அப்போ நான் ஏன் இப்படி எளைச்சுப் போனேன்?"

"நீ எப்போ தின்னே? எப்போ தூங்கினே?"

துடியன் குனிந்து தன் விலாவைப் பார்த்தது. தொடையிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கடைசிவரை அது அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தது.

கண்ட வாய் சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொள்பவருக்கு இல்லாத நோயும் வந்து சேரும். உயிரைக் காக்கும் ஒரு சொல் மட்டும் காதில் ஏறாது.