கடைசியாகக் குடிக்கிறவள்

நீலிமடுவின் கரையில் காட்டுச் சபை கூடியிருந்தது. காட்டுப்பன்றி மூக்காயி வழக்கம்போல் கடைசி வரிசையில், சேற்றில் சுகமாக உட்கார்ந்திருந்தாள்.

ஆளும் பக்கம் நாவல் மரத்தடியில் உட்காரும். முன்வரிசையில் தலைவர் கொம்பையா, காட்டெருமை. அவர் பக்கத்தில் மந்திரி தோகையப்பன், மயில். எதிர்ப்பக்கம் முழுக்கக் குரங்குகள். யார் எதைப் பேசினாலும் "ஊ! ஊ!" என்று கத்தி நாவல் கொட்டையை எறிவதுதான் அவற்றின் வேலை. மூக்காயி ஆளும் பக்கம்தான். கடைசி வரிசைக்கு நிழல் எட்டாது. ஆனால் சேறு அங்கேதான் இருந்தது. அதனால் அவள் ஒருநாளும் குறைப்பட்டதில்லை.

அன்று தோகையப்பன் எழுந்தபோதே தோகை விரிந்திருந்தது. ஏதோ பெரிய சேதி என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"சபையோரே! மேட்டுக்கு அந்தப்பக்கம் போய்ச் செந்நாய்க் கூட்டத்தைப் பார்த்துட்டு வர்றேன். என்ன மரியாதை! என்ன உபசாரம்! அவங்க தலைவர் என் தோகையைப் பார்த்து அசந்தே போயிட்டார்!"

"ஊ! ஊ!" என்றன குரங்குகள்.

"அவங்க மேற்குப் பள்ளத்தாக்குக்குப் புள்ளிமான் வேட்டைக்குப் போகணுமாம். போற வழியில நம்ம காடு. வழி விட்டா நம்ம யார் மேலயும் பல் படாதுன்னு சத்தியமே பண்ணிட்டாங்க! தாகத்துக்குத் தண்ணி மட்டும் கேட்டாங்க. சவலைக்குழியை அவங்களுக்கு விட்டுடலாம்னு நம்ம தலைவர் முடிவு பண்ணியிருக்கார். நாளைக்கு வர்றாங்க!"

முன்வரிசை தலையாட்டியது. மூக்காயி தலையாட்டவில்லை.

சவலைக்குழி என்பது மடுவை ஒட்டிய சின்ன ஊற்று. கோடையில் மடு வற்றிக் கலங்கினாலும் அதில் தெளிந்த நீர் சுரந்துகொண்டே இருக்கும். இளங்கன்று, நொண்டி, கிழடு, நிறைசூலி, இந்தச் சவலைகளுக்கு மட்டும்தான் அந்தத் தண்ணீர். தெம்பு உள்ளவர்கள் அங்கே மூக்கை நீட்டக் கூடாது. அது இந்தக் காட்டின் வழக்கம்.

வழக்கம் என்றால் அதுவாகவே புல் மாதிரி முளைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குழியைத் தோண்டியதில் மூக்காயியின் மூக்குக்கும் பங்கு உண்டு!

முன்னே ஒரு பஞ்சம் வந்தது. மடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காடே கிளம்பி மேற்குப் பள்ளத்தாக்குக்கு நடந்தது. அங்கே புள்ளிமான்களின் ஓடையும் நூலாகத்தான் ஓடியது. ஆனாலும் அவை, "வாங்க, வாங்க! இருக்கிறதை எல்லாரும் குடிப்போம்" என்று ஒதுங்கி வழிவிட்டன.

அப்போது கொம்பையா இளவட்டம். இப்போது தலைவர், அதனால் "அவர்" என்கிறேன். அன்றைக்கு அவன்தான். நாக்கு வறண்டு தொங்கியது. அந்த நிலையிலும் எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான். "சவலைங்க முதல்ல! நான் கடைசி!" என்றான்.

மூக்காயி விடுவாளா? "ஏன், நான் நிக்க மாட்டேனா கடைசியில?" என்று ஓடி அவனுக்குப் பின்னால் நின்றாள். அவன் அவளுக்குப் பின்னால் போனான். அவள் மறுபடி அவனுக்குப் பின்னால். இப்படியே பின்னால் பின்னால் போய், இரண்டு பேரும் ஓடையே கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டார்கள். மான்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. அந்தச் சிரிப்பிலேயே பாதித் தாகம் போய்விட்டது.

மழை பெய்து திரும்பி வந்ததும் இருவரும் சேர்ந்து குழி தோண்டினார்கள். அவன் குளம்பால் உடைத்தான். அவள் மூக்கால் கிளறினாள். ஊற்று குபுக்கென்று பொங்கி இருவர் முகத்திலும் அடித்தது. "மூக்கு! இது சவலைங்களுக்கு! நாம எப்பவும் கடைசி!" என்று அவன் கத்தினான். அந்தக் குரலை நம்பித்தான் அவள் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். 

பிறகு என்ன? கொம்பையா தலைவரானார். காவல் காக்கிறவர்களுக்குத் தெம்பு வேண்டும் என்று தோகையப்பன் சொல்ல, மடுவில் பெரியவர்கள் முதலில் குடிக்கத் தொடங்கினார்கள். கடைசி இடத்துக்கு ஆளில்லை. அதனால் அதைத் தண்டனையாக்கிவிட்டார்கள்! ஆளும் பக்கத்தில் இருந்துகொண்டு தலைவரையே எதிர்த்துப் பேசினால், அந்தக் கோடை முழுக்கக் கடைசியில்தான் குடிக்க வேண்டும். முன்பு போட்டி போட்டு நின்ற இடத்தைப் பார்த்து இப்போது எல்லோரும் நடுங்கினார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

மூக்காயி சேற்றிலிருந்து எழுந்தாள்.

"ஏன்டி, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று பக்கத்திலிருந்த முள்ளம்பன்றி ஊசியம்மா கிசுகிசுத்தாள். "கோடை இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. நாக்கு வெந்துடும்!"

"வெந்தா வேகட்டும். தலைவரே! ஒண்ணு கேக்கணும்."

"நம்ம பக்கத்து ஆளா கேக்குறது!" என்று தோகையப்பன் பதறினான். குரங்குகள்கூட வாயை மூடிக்கொண்டன.

"குழியைச் செந்நாய்க்குக் கொடுத்துட்டா நம்ம சவலைங்க எங்க குடிக்கும்?"

"ஏன், மடு இருக்கே!" என்றார் கொம்பையா.

"மடுவுல முதல்ல நீங்க எல்லாம் இறங்கி மிதிச்சப்புறம் மிச்சம் இருக்கிறது சேறுதான். எனக்குச் சேறு பிடிக்கும். கன்னுக்குட்டிக்குப் பிடிக்குமா? அது போகட்டும். அந்தப் புள்ளிமானுங்க நமக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு? பஞ்சத்துல நமக்குத் தண்ணி கொடுத்தவங்க கழுத்தைக் கடிக்கப் போறவனுக்கு, நாமளே தண்ணி கொடுத்து அனுப்பணுமா?"

கொம்பையாவின் காது விடைத்தது. "மூக்காயி! நீ என் பக்கமா, அந்தப் பக்கமா?"

"உங்க பக்கம்தான் அண்ணே. அதனாலதான் உங்க முகத்துக்கு நேரா சொல்றேன். அந்தப் பக்கம் இருந்தா கொட்டையை எறிஞ்சிட்டுப் போயிருப்பேனே!"

 கொம்பையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தோகையப்பன் கூவினான். "தலைவர் பேச்சுக்குச் சம்மதிக்கிறவங்க நாவல் நிழலுக்குள்ள வாங்க!"

ஆளும் பக்கம் மொத்தமும் நிழலுக்குள் நகர்ந்தது. ஊசியம்மாவும் தலையைக் குனிந்துகொண்டு போனாள். வெயிலில் நின்றவள் மூக்காயி ஒருத்திதான்.

அன்று சாயங்காலமே விருந்தாளிகளுக்காகச் சவலைக்குழியைச் சுற்றி முள்ளைப் போட்டு அடைத்தார்கள். மடுவில் காட்டெருமைகள் முதலில் இறங்கின. அடுத்து கடமான்கள். மூக்காயி தண்டனைப்படி வரிசையின் கடைசியில் நின்றாள். குழியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த முள்ளுக்கு அடியில்தானே அந்தப் பழைய சிரிப்பெல்லாம் கிடந்தது.

அப்போது ஒரு நொண்டி முயல் தத்தித் தத்தி வந்து அவளுக்குப் பின்னால் நின்றது.

"நீ முன்னால போ" என்றாள் மூக்காயி.

"முன்னால போனா மிதிச்சுடுவாங்களே!"

"என் காலுக்கடியில வா. எவன் மிதிக்கிறான்னு பார்க்குறேன்!"

முயல் போனது. அடுத்து ஒரு நிறைசூலி மான் வந்தது. அதற்கும் வழிவிட்டாள். குழியை இழந்த சவலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. அவள் ஒவ்வொன்றையும் முன்னால் அனுப்பினாள். அவள் முறை வரவே இல்லை. நாக்கு மரத்துப்போனது.

மடுவில் குடித்துவிட்டுக் கரையேறிய ஊசியம்மா இதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குடித்த தண்ணீர் அவளுக்கு உள்ளே இறங்கவில்லை. மறுநாள் அவள் தன் இடத்தை விட்டுவிட்டு, குடுகுடுவென்று ஓடி மூக்காயிக்குப் பின்னால் நின்றாள்.

"இது என் இடம்டி!" என்றாள் மூக்காயி.

"உன் பேரு எழுதியிருக்கா? இன்னிக்கு நான்தான் கடைசி!"

"போடி, நான்தான்!"

"நான்தான்!"

இரண்டு பேரும் ஒருவருக்குப் பின்னால் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த ஒரு கிழட்டுக் கடமானுக்கு அந்தப் பஞ்ச வருஷம் ஞாபகம் வந்துவிட்டது. அது சிரித்தபடி வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றது. அடுத்து ஒரு காட்டெருமை. அடுத்து அதன் கூட்டாளிகள். குரங்குகளும் கொட்டையைக் கீழே போட்டுவிட்டு மரத்தை விட்டு இறங்கின. வரிசையின் தலை காலியாகிக்கொண்டே வந்தது. வால் நீண்டுகொண்டே போனது.

கடைசியில் மடுவின் ஓரத்தில் முதலாவதாகக் குடிக்க நின்றவர் கொம்பையா மட்டும்தான். தோகையப்பன் கூட ஒரு புதருக்குப் பின்னால் நகர்ந்திருந்தான்.

சரியாக அப்போதுதான் மேட்டிலிருந்து செந்நாய்கள் இறங்கின.

"தலைவரே! எங்க குழி எங்க?" என்று அவற்றின் தலைவன் பல்லைக் காட்டினான். "சொன்ன பேச்சு ஞாபகம் இருக்கில்ல?"

கொம்பையா திரும்பிப் பார்த்தார். வெகுதூரத்தில் ஒரே கூச்சல். "நான் கடைசி!" "இல்ல, நான்!" அந்தக் கூச்சல் அவர் காதில் விழுந்தது. பிறகு நெஞ்சிலும் விழுந்தது. அவர் கண்ணில் நீர் முட்டியது.

"ஞாபகம் வந்துடுச்சு" என்றார். "ஆனா நீ சொல்ற பேச்சு இல்ல. அதுக்கு முன்னாடி நான் சொன்ன பேச்சு ஒண்ணு இருக்கு."

அவர் நேரே சவலைக்குழிக்கு நடந்து கொம்பால் முள்ளை வாரி எறிந்தார். முயலையும் மானையும் கன்றுகளையும் உள்ளே விட்டார். பிறகு வரிசையை ஒட்டியே நடந்து, எல்லோரையும் கடந்து, கடைசியில் நின்ற மூக்காயிக்குப் பின்னால் போய் நின்றார்.

"முதல்ல எங்க சவலைங்க!" என்று அங்கிருந்தே முழங்கினார். "அப்புறம் நாங்க! மேற்கே போக இந்தக் காட்டுல வழி கிடையாது!"

செந்நாய்த் தலைவன் வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தான். எத்தனை கொம்பு! எத்தனை கோரைப்பல்! எத்தனை முள்! வாலைச் சுருட்டிக்கொண்டு மேடேறினான். கூட்டமும் பின்னாலேயே போனது. மேற்குப் பள்ளத்தாக்கின் புள்ளிமான்களுக்கு இது எதுவும் தெரியாது. அவை பாட்டுக்கு ஓடைக்கரையில் மேய்ந்துகொண்டிருந்தன.

"மூக்கு, என் மேல கோபமா?" என்று கொம்பையா மெல்லக் கேட்டான். ஆமாம், கேட்டான். அந்தக் குரலுக்கு "அவர்" ஒட்டாது.

"பேச்சுக் கொடுக்காதீங்க அண்ணே, தாகம் உயிர் போகுது!" என்றாள் மூக்காயி. சொல்லிவிட்டுச் சட்டென்று ஓடி அவனுக்குப் பின்னால் நின்றாள்.

அவர்கள் முறை வந்தபோது தண்ணீர் கலங்கித்தான் இருந்தது. அத்தனை ருசியாக அவள் குடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அடுத்த சபையில் முன்வரிசையில் இடம் தருகிறோம் என்று அவளைக் கூப்பிட்டார்கள். அங்கே சேறு இல்லை என்று சொல்லி அவள் போக மறுத்துவிட்டாள்.

நம் தலைவர் வழி தவறும்போது கூடவே தலையாட்டுவது விசுவாசமல்ல; அவர் முன்பு கொடுத்த நல்ல வாக்கை அவர் முகத்துக்கு நேரே நினைவுபடுத்துவதுதான் விசுவாசம்.